4,000 முகாம் படிவங்கள், ஆறு பேர், ஒரு எக்ஸெல்: எப்படி முடிப்பது?

கேள்வி | 8 ஜூன் 2025

எங்கள் ஊர் அறக்கட்டளை நடத்திய சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனை முகாம்களில் ஏறக்குறைய 4,000 படிவங்கள் சேர்ந்துவிட்டன. ஒவ்வொன்றும் முன்பக்கம், பின்பக்கம். கல்லூரிப் பிள்ளைகள் ஆறு பேர் எக்ஸெலில் ஏற்றுகிறார்கள். வேலை நகரவே மாட்டேன் என்கிறது, ஏற்றியதிலும் ஏகப்பட்ட தப்பு. டைப்பிங் ஹையர் தேர்வு முடித்தவர்களைப் பிடித்தால் சரியாகிவிடும் என்கிறார் ஒருவர். ஸ்கேன் பண்ணி ஏஐயில் போட்டால் ஒரே நாளில் முடியும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

8 ஜூன், இரவு

இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதையும் கேட்காதீர்கள்.

ஹையர் முடித்தவர்கள் பத்தி பத்தியாக அடிப்பதில் கெட்டிக்காரர்கள். உங்கள் படிவத்தில் இருப்பது பெரும்பாலும் எண்ணும் டிக்கும்தான். மதுரைப் பக்கம் ஆய்வுப் படிவங்கள் ஏற்றும் இடங்களில் மேற்பார்வை பார்த்தே என் வேலைக்காலம் போனது. அங்கே நேரம் விரலில் போய் நான் பார்த்ததில்லை. "இது 1-ஆ, 7-ஆ?" "தொழில் என்ற இடத்தில் 'வீட்டில்' என்று எழுதியிருக்கு, இல்லத்தரசி என்று போடவா, வேலை இல்லை என்று போடவா?" இப்படி நிற்கிற நேரம்தான் நாளைத் தின்னும். பக்கத்து நாற்காலியைக் கேட்பார்கள். அது இன்றைக்கு ஒரு பதில் சொல்லும், நாளைக்கு வேறு சொல்லும். வேகக் குறைவும் தப்பும் இரண்டும் அங்கேதான் பிறக்கின்றன.

அதனால் முடிவெடுக்கும் வேலையையும் தட்டும் வேலையையும் பிரித்துவிடுங்கள். ஆறு பேரில் நிதானமான ஒருவரைத் தனியாக உட்கார வையுங்கள். கையில் சிவப்பு மைப் பேனா. படிவம் கணினிக்குப் போகும் முன் இவர் கையைக் கடக்க வேண்டும். புரியாத எண்ணுக்குப் பக்கத்தில் தெளிவாக எழுதுவார், 'வீட்டில்' என்பதற்கு ஒரு குறியீட்டு எண் போடுவார், விட்டுப்போன இடத்துக்கு 9 போடுவார். முகாமில் எழுதியதை அடிக்கவோ அதன் மேலேயே எழுதவோ கூடாது, ஓரத்தில்தான் எழுத வேண்டும். எடுத்த முடிவை எல்லாம் ஒரு கோடு போட்ட நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். இதை நாங்கள் எடிட்டிங், கோடிங் என்போம் (சாஃப்ட்வேர் கோடிங் இல்லை, பயப்படாதீர்கள்).

தட்டுபவருக்கு ஒரே ஒரு விதி: தாளில் இருப்பதை அடி. 'இது இப்படித்தான் இருக்கும்' என்று தானாகத் திருத்தாதே.

9 ஜூன்

மேலே சொன்ன 9 பற்றி. ஒரு இலக்கக் கேள்விக்கு 1 ஆம், 2 இல்லை, 8 தெரியாது, 9 எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். வயதுக்கு 99 போடாதீர்கள். 99 வயதுப் பாட்டி முகாமுக்கு வருவார், வந்து பிரஷரும் நார்மலாக இருக்கும். அதற்கு 999 வையுங்கள். சராசரி எடுக்கும் முன் அந்த 999-களை விலக்க வேண்டும் என்று கோப்பிலேயே எழுதி வையுங்கள். இல்லையென்றால் உங்கள் ஊரின் சராசரி வயது நூற்றைத் தாண்டிவிடும்.

வெற்றிடத்தை வெற்றிடமாகவே விடாதீர்கள். 'புகை பிடிப்பாரா' என்பதற்குப் பதில் இல்லை என்றால் பிடிக்கமாட்டார் என்று அர்த்தமா, கேட்கவில்லையா, தட்டுபவர் தாண்டிப் போய்விட்டாரா? மூன்றும் எக்ஸெலில் ஒரே காலி கட்டம்தான்.

10 ஜூன்

"எக்ஸெலில் என்ன குறை?" என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார். கணக்குப் போட எக்ஸெல் அருமை. ஏற்றுவதற்கு ஆகாது. அறுபது நெடுவரிசை வலது பக்கமாக ஓடும்போது கண் ஒரு வரிசை கீழே இறங்கிவிடும், ராமாயி சர்க்கரை அளவு பக்கத்து வரிசை முத்தையாவுக்குப் போய்விடும். ஒரு நெடுவரிசையை மட்டும் வரிசைப்படுத்தினால் (சார்ட்) மொத்த ஊருக்கும் ரத்தம் மாறிவிடும்.

அது கேட்காமலே செய்யும் உபகாரங்கள் வேறு. மார்ச்1 என்று ஒரு மரபணுவின் பெயர். எக்ஸெல் அதைத் தேதியாக மாற்றி மாற்றி ஆராய்ச்சிக் கட்டுரைகளையே குழப்பியது. கடைசியில் மரபணுப் பெயர்களுக்குப் பொறுப்பான குழு 2020-ல் பெயரையே மாற்றிவிட்டது. அதே 2020-ல் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றாளர்கள் கணக்கில் ஒரு வாரம் வராமல் போனார்கள். பழைய எக்ஸெல் வடிவத்தில் 65,536 வரிசைக்கு மேல் இடம் கிடையாது, மிச்சம் அப்படியே விழுந்துவிட்டது.

இலவசமாகவே நல்ல கருவிகள் இருக்கின்றன. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம் தரும் சிஎஸ்ப்ரோ, அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி உருவாக்கிய எபி இன்ஃபோ, செல்போனிலும் போடலாம் என்றால் கோபோ. எதை எடுத்தாலும் சரி, ஒரு திரையில் ஒரு ஆள். திரையில் கேள்விகள் தாளில் உள்ள அதே வரிசையில், அதே பக்கப் பிரிவில் வர வேண்டும். மௌஸைத் தொடாமல் வலது பக்க நம்பர் பேடிலேயே முடிய வேண்டும். டிக் போட்ட இடத்தைத் தேடிச் சொடுக்குவதைவிட '2' அடித்து என்டர் தட்டுவது பல மடங்கு வேகம். லேப்டாப் என்றால் தனி நம்பர் பேட் வாங்கிக் கொடுங்கள். இந்த வேலையில் நீங்கள் செய்யும் மிக லாபமான செலவு அதுவாகத்தான் இருக்கும்.

11 ஜூன்

உயரம்! மறந்தே போனேன். உங்கள் படிவத்தில் உயரம் அடி, அங்குலத்திலா?

ஐந்தடி பத்து அங்குலம் ஆள். முகாமில் 5.10 என்று எழுதுவார்கள். தட்டுபவரும் ஒழுங்காக 5.10 என்றே அடிப்பார். எக்ஸெலுக்கு அது தசம எண், கடைசிப் பூஜ்யம் தேவையில்லை என்று 5.1 ஆக்கிவிடும். ஐந்தடி ஒரு அங்குலக்காரரும் 5.1. இனி இந்த இரண்டு பேரையும் கடவுளே வந்தாலும் பிரிக்க முடியாது, தாளைத் திரும்ப எடுத்தால்தான் உண்டு. அப்புறம் உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் பிஎம்ஐ கணக்குப் போடுவீர்கள். 70 கிலோ, ஐந்தடி பத்து என்றால் 22 சொச்சம், ஆரோக்கியமான ஆள். அதே 70 கிலோ, ஐந்தடி ஒன்று என்றால் 29. ஒரு பூஜ்யம் போனதில் மனிதர் குண்டாகி, உணவு ஆலோசனைக்கு வரச் சொல்லி அவருக்குக் கடிதமும் போய்விடும்.

அடிக்கு ஒரு கட்டம், அங்குலத்துக்கு இரண்டு கட்டம். 5 | 10. 5 | 01. முடிந்தது. இதைவிட நல்லது முகாமிலேயே சென்டிமீட்டரில் அளப்பது.

பிரஷரும் இப்படித்தான். 120/80 என்பதை ஒரே கட்டத்தில் போட்டால் சராசரி எடுக்க முடியாது. மேலே உள்ளது ஒன்று, கீழே உள்ளது ஒன்று, இரண்டு கட்டம்.

12 ஜூன்

கேள்வி கேட்டவர் சில படிவங்களைப் பெயர் மறைத்து அனுப்பியிருந்தார். ஒன்றில் சர்க்கரை அளவு என்ற இடத்தில் எண்ணே இல்லை, ஆங்கிலத்தில் 'ஹை' என்று இரண்டு எழுத்து. ஏற்றிய பிள்ளைகளில் ஒருவர் காலியாக விட்டிருக்கிறார், ஒருவர் 41 என்று படித்திருக்கிறார்.

விரல் நுனியில் குத்திப் பார்க்கும் மீட்டர்கள் பலவும் 600-க்கு மேல் எண்ணைக் காட்டாது, அந்த இரண்டு எழுத்தைத்தான் காட்டும். அதாவது 4,000 பேரில் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய ஆள் அவர்தான். உங்கள் கோப்பில் அவர் ஒன்று இல்லாமல் போகிறார், அல்லது தாழ்சர்க்கரைக்காரர் ஆகிறார். இதற்குத் தனிக் குறியீடு வையுங்கள். அப்படிக் குறித்த படிவங்களை இன்றே தனியாக எடுத்து, அவர்களுக்கு யாராவது போன் பண்ணினார்களா என்று பாருங்கள். டேட்டா என்ட்ரி அப்புறம்.

14 ஜூன்

தப்பைக் கண்டுபிடிக்க உலகம் முழுக்க உள்ள வழி டபுள் என்ட்ரி. ஒரே படிவத்தை இரண்டு பேர், ஒருவர் அடித்ததை மற்றவர் பார்க்காமல் தனித்தனியாக ஏற்ற வேண்டும். மாறுபடும் கட்டங்களைக் கணினி காட்டும். மூன்றாவது ஆள் தாளை எடுத்துப் பார்த்துத் தீர்ப்பு சொல்வார்.

புதுசு ஒன்றுமில்லை. அட்டையில் துளை போட்டுத் தகவலைப் பதிந்த துளை அட்டைக் காலத்திலேயே இதற்கென்று தனி இயந்திரம் இருந்தது. ஐபிஎம் 056 என்று ஒன்று. முதல் ஆள் துளையிட்ட அட்டையை அதில் வைத்து இரண்டாவது ஆள் மறுபடி தட்டுவார். ஒத்துப்போனால் அட்டையின் வலது ஓரத்தில் ஒரு வெட்டு விழும். ஒத்துப்போகாத நெடுவரிசைக்கு மேலே வெட்டு விழும். அட்டைகளை அடுக்கி ஓரத்தைப் பார்த்தாலே எந்த அட்டை தேறவில்லை என்று தெரிந்துவிடும். கணினியே இல்லாத அறையில்!

"அடித்ததை ஒருவர் வாசிக்க, இன்னொருவர் தாளில் சரிபார்த்தால் போதாதா" என்று கேட்டிருக்கிறார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் அந்த ஜோடியைப் போய்ப் பாருங்கள். ஒருவர் ராகம் போட்டு வாசிப்பார், இன்னொருவர் 'ம், ம்' என்று தலையாட்டுவார். அந்த 'ம்'முக்கு அர்த்தம் ஒன்றும் கிடையாது.

15 ஜூன்

நேற்று சொன்னதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். 4,000 படிவம், இரண்டு பக்கம், ஐந்து பிள்ளைகள் (ஒருவர் சிவப்புப் பேனாவுக்குப் போய்விட்டாரே), பரீட்சை வேறு வரும். எல்லாக் கட்டத்தையும் இரண்டு தடவை ஏற்றச் சொல்வது நடக்காத காரியம். முடிவை மாற்றக்கூடிய கட்டங்களை மட்டும் இரட்டையாக ஏற்றுங்கள்: படிவ எண், வயது, பால், சர்க்கரை, இரண்டு பிரஷர் எண்கள், மருந்து சாப்பிடுகிறாரா. தெருப் பெயர் தப்பானால் உலகம் ஒன்றும் முழுகாது.

50 படிவத்தை ஒரு கட்டாகக் கட்டி மேலே ஒரு சீட்டு வையுங்கள்: கட்டு எண், எத்தனை படிவம், யார் ஏற்றியது, யார் இரண்டாவது. முதல் சில கட்டுகளை மட்டும் முழுசாக இரட்டை ஏற்றிப் பாருங்கள். எந்தக் கேள்வியில் தப்பு குவிகிறது என்று அதிலேயே தெரியும். ஒரு கேள்வியில் எல்லாரும் தப்பு விடுகிறார்கள் என்றால் படிவம் சரியில்லை. ஒரே ஆள் எல்லாக் கேள்வியிலும் விடுகிறார் என்றால் அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள், திட்டாமல். கண்ணாடி போட வேண்டிய பிள்ளையாகக்கூட இருக்கும்.

17 ஜூன்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிவிப்பு நேற்று அரசிதழில் வந்துவிட்டது, 2027 மார்ச் 1 கணக்குத் தேதி. இந்த முறை செல்போன் செயலி. "இனி தாளே கிடையாது, நீங்கள் சொல்வதெல்லாம் பழைய கதை" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தாள் போகட்டும் தம்பி, எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் வாசலில் நின்று வயது கேட்டால் நம் ஜனங்கள் 40, 45, 50 என்றுதான் சொல்வார்கள். 43 என்று சொல்பவர் அபூர்வம். செல்போன் அதைத் திருத்தாது. உங்கள் முகாம் கோப்பிலும் வயதுகள் 0-விலும் 5-லும் முடிந்தால் தட்டிய பிள்ளைகளைக் குற்றம் சொல்லாதீர்கள். பிரஷர் எல்லாம் பூஜ்யத்தில் முடிந்தால் அளந்தவர் முள்ளைப் பார்த்துத் தோராயமாக எழுதினார் என்று அர்த்தம். தாளில் உள்ள தப்பு வேறு, தாளிலிருந்து ஏற்றும்போது வரும் தப்பு வேறு. நான் பேசுவது இரண்டாவதைப் பற்றி மட்டும்.

19 ஜூன்

கேள்வி கேட்டவர் இரட்டை ஏற்றிப் பார்த்தாராம். பெயர்க் கட்டத்தில் நூற்றுக்கணக்கில் மாறுபாடு காட்டுகிறதாம், கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே இருக்கிறதாம். "கணினிக்குப் பைத்தியமா அக்கா?"

இல்லை. கணினி எழுத்துக் குறியீடான யூனிகோடில் 'கொ' என்பதன் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியாகவும் இருக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகவும் இருக்கலாம். எந்தக் கீபோர்டில் அடித்தார் என்பதைப் பொறுத்தது. திரையில் வித்தியாசம் தெரியாது. ஒப்பிடும் முன் இரண்டு கோப்பையும் என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றுங்கள், பெரும்பாலான மாறுபாடு மறைந்துவிடும்.

மறையாமல் நிற்பவை: ஔவை என்ற பெயரை ஒருவர் 'ஔ' என்ற ஒரே எழுத்தில் அடிப்பார், இன்னொருவர் 'ஒ' அடித்து 'ள' சேர்ப்பார். அது எழுத்தே வேறு, என்எஃப்சி ஒன்றும் செய்யாது, நீங்கள்தான் மாற்ற வேண்டும். காலுக்குப் பதில் 'ர' அடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தமிழ் எண் ௭-ஐ 'எ' என்று நினைத்து அடித்த ஒரு கோப்பையும் பார்த்திருக்கிறேன்.

பெயரை வைத்து ஆளைத் தேடாதீர்கள், படிவ எண்ணை வைத்துத் தேடுங்கள். நம் ஊரில் எஸ்.முருகன், முருகன் எஸ், சு.முருகன் மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம், மூன்று பேராகவும் இருக்கலாம்.

20 ஜூன்

"வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, மாதம் 30,000" விளம்பரம் உண்மையா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். முன்பணம் கேட்டால் ஏமாற்று வேலை. அவர்கள் தரும் ஸ்கேன் பக்கங்கள் படிக்கவே முடியாதபடி மங்கலாக இருக்கும். ஏற்றிக் கொடுத்ததும் உன் துல்லியம் போதவில்லை, ஒப்பந்தத்தை மீறிவிட்டாய், வக்கீல் நோட்டீஸ் வரும் என்று மிரட்டிப் பணம் பிடுங்குவார்கள். பணம் கட்டாதீர்கள், சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் பண்ணுங்கள்.

22 ஜூன்

மகளிர் குழுப் படிவங்கள் ஏற்றும் ஒருவருக்கு. வங்கிக் கணக்கு எண்ணை எண்ணாக ஏற்றாதீர்கள், எழுத்தாக ஏற்றுங்கள். எக்ஸெல் 15 இலக்கம்தான் தாங்கும், 16-வது இலக்கத்தைச் சத்தமில்லாமல் பூஜ்யமாக்கும். முன்னால் வரும் பூஜ்யத்தையும் விழுங்கும். ஐஎஃப்எஸ்சி 11 எழுத்து, ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அங்கே ஆங்கில 'ஓ' அடிப்பதுதான் நான் பார்த்ததிலேயே அதிகமான தப்பு. பின்கோடு ஆறு இலக்கம், தமிழ்நாடு என்றால் 6-ல் தொடங்கும். ஆதாரின் 12-வது இலக்கம் சும்மா இல்லை, முதல் 11-ஐ வைத்து வெர்ஹோஃப் என்ற முறையில் கணக்கிட்ட சரிபார்ப்பு இலக்கம். ஒரு இலக்கம் தப்பானாலும் பக்கத்துப் பக்கத்து இலக்கம் இடம் மாறினாலும் பிடிபட்டுவிடும். இதையெல்லாம் திரையே பார்த்துக்கொள்ளட்டும், மனிதர் பார்க்க வேண்டாம்.

முகாம் நடத்துபவர்களுக்கு: சர்க்கரை பார்க்க ஆதார் எதற்கு? வாங்காதீர்கள். அந்த உத்தியை மட்டும் எடுத்து உங்கள் படிவ எண்ணுக்குக் கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம் சேர்த்து அச்சடியுங்கள். படிவ எண் தப்பானால்தான் மற்ற எல்லாமே தப்பு.

23 ஜூன்

இவ்வளவு நாளாகத் தள்ளிப்போட்ட ஏஐ கேள்வி.

கையெழுத்தை இயந்திரம் படிப்பது இந்தியாவுக்குப் புதுசில்லை. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே படிவங்களை ஸ்கேன் செய்து ஐசிஆர் முறையில்தான் படித்தார்கள். ஆனால் அது இயந்திரத்துக்கென்றே வடிவமைத்த படிவம். ஒரு இலக்கத்துக்கு ஒரு கட்டம், மடிக்கக் கூடாது, எண்ணை இப்படித்தான் எழுத வேண்டும் என்று பயிற்சி. உங்கள் படிவம் பந்தலுக்குக் கீழே தொடையில் வைத்து எழுதியது, டீ சிந்தியது.

இப்போதைய ஏஐ அதையும் ஓரளவு நன்றாகவே படிக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். என் பயம் வேறு. மனிதர் விடும் தப்பு தப்பு மாதிரியே இருக்கும்: 1200 பிரஷர், 3 கிலோ எடை. ஏஐக்குப் புரியாத இடத்தில் அது பொருத்தமான ஒரு எண்ணைப் போட்டுவிடும். 130/84 என்று பார்க்க லட்சணமாக இருக்கும். திரையில் வைக்கும் எந்தச் சோதனையும் அதைப் பிடிக்காது.

ஆகவே என் யோசனை: அதை இரண்டாவது தட்டச்சாளராக வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஏற்றம் மனிதர், இரண்டாவது ஏஐ, மாறுபட்டால் தாள். 15-ஆம் தேதி நான் போட்ட சிக்கன ஏற்பாடு இதனால் தேவையில்லாமலும் போகலாம், எல்லாக் கட்டத்துக்கும் டபுள் என்ட்ரி கிடைத்துவிடும். பெயர், போன் பகுதியை மறைத்துவிட்டு ஸ்கேன் செய்யுங்கள். அடுத்தவர் நோய் விவரத்தை முன்பின் தெரியாத தளத்தில் ஏற்ற உங்களுக்கு யாரும் அனுமதி தரவில்லை.

26 ஜூன்

தப்பான எண்ணைத் திரையே தடுக்கும்படி சோதனை விதிகளை அள்ளிப் போட்டுவிட்டதாகக் கேள்வி கேட்டவர் பெருமையாக எழுதியிருக்கிறார். கவனம். ஒரு நிறுவனத்துக்காக ஏற்றும்போது திரையில் சர்க்கரை 400-க்கு மேல் போகாதபடி பூட்டியிருந்தார்கள். 520 என்று இருக்கும் தாளை வைத்துக்கொண்டு பிள்ளைகள் என்ன செய்வார்கள்? மேற்பார்வையாளரைத் தேடினார்கள், அவர் இல்லை, 400 என்று அடித்து நகர்ந்துவிட்டார்கள். முடிவில் பார்த்தால் சரியாக 400 உள்ளவர்கள் ஊர்வலம் போகும் அளவுக்கு இருந்தார்கள். பூட்டு இல்லாமல் இருந்திருந்தால் உண்மையாவது தெரிந்திருக்கும்.

நடக்கவே முடியாததை மட்டும் பூட்டுங்கள்: பிப்ரவரி 31, ஆணுக்குக் கர்ப்பம். நடக்கக்கூடியது ஆனால் அபூர்வம் என்றால் 'நிஜமாகவா?' என்று திரை ஒரு தடவை கேட்கட்டும், ஆம் என்றால் விட்டுவிடட்டும்.

30 ஜூன்

ஏற்றி முடித்த தாள்களை என்ன செய்வது என்பது கடைசிக் கேள்வி. அறிக்கை வெளிவரும் வரை கட்டு எண் வரிசையில் அட்டை வைத்துச் சணல் கயிற்றால் கட்டி வையுங்கள், கரையான் ஏறாத இடத்தில். அப்புறம் பழைய பேப்பர் கடைக்கு மட்டும் போடாதீர்கள். ஒருவரின் பெயர், போன் நம்பர், சர்க்கரை அளவு எல்லாம் இருந்த தாளில் எனக்கு வடை மடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்த முகாமுக்கு அச்சடிக்கும்போது பெயர், முகவரி, போன் மூன்றையும் தலைப்பகுதியில் வைத்து, அதன் கீழே கிழிப்பதற்குத் துளைக்கோடு போடச் சொல்லுங்கள். அச்சகத்தில் பெர்ஃபரேஷன் என்றால் போதும். படிவ எண் கோட்டுக்கு மேலேயும் கீழேயும் இரண்டு இடத்திலும் வர வேண்டும், அதை அச்சாபீஸ்காரர்கள் மறந்துவிடுவார்கள். புரூஃப் வந்ததும் முதலில் அதைப் பாருங்கள்.